யாருக்காக்கும்? – கோட்டாறு கம்போளத்தில் ஒரு பாக்குவெட்டிக் கடை

என் அம்மைக்கு 83 வயது. மேல்வரிசையில் பல் ஒன்றும் இல்லை, கீழே நாலைந்து நிற்கிறது. ஆனாலும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வெற்றிலைச் செல்லத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளாமல் அவளுக்கு ஒரு நாள் முடியாது. பாக்கை வெட்டி, சின்ன உரலில் இட்டு இடித்து, அப்புறம்தான் வாயில் போடுவாள். வெட்டுவது என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பாக்குவெட்டி, கிளிமூக்கு வைத்தது. போன சித்திரையில் அதன் ஆணி தேய்ந்து இரண்டு கையும் ஆட ஆரம்பித்துவிட்டது. பாக்கு நழுவி ஓடும், விரல் மாட்டும். இரண்டு தடவை ரத்தம் பார்த்தோம்.

முதலில் போனில் தேடி ஒன்று வரவழைத்தேன். 640 ரூபாய். மயில் உருவம், பளபளவென்று பித்தளை, கையில் எடுத்தால் நல்ல கனம். பிடி மட்டுமல்ல, அலகும் பித்தளைதான். காய்ந்த கொட்டைப்பாக்கின் முன்னால் பித்தளை விளிம்பு எத்தனை நாள் நிற்கும்? பத்தே நாளில் அலகு முழுக்கக் குழி குழியாகிவிட்டது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பாக்கு வெட்டாத ஒரு பொருளுக்குப் பாக்குவெட்டி என்று பேர் வைத்து விற்றதில் எனக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன்தான் சொன்னார்: “டீச்சர், கோட்டாறு கம்போளத்துல ஒரு கடை உண்டு. போர்டு கெடையாது. பாக்குவெட்டிக் கடைன்னு கேட்டா யாரும் காட்டித் தருவாவ.”

இரணியலில் பஸ் ஏறி, நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கோட்டாறு போனேன். கம்போளத்தில் காலை பத்து மணிக்கு நடப்பது சுலபம் இல்லை. புளி மூட்டையும் வத்தல் மிளகாய் மூட்டையும் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், குறுக்கே சுமட்டு வண்டி நிற்கும். ஒரு கயிற்றுக் கடையை ஒட்டி, எட்டடி அகலத்தில் இந்தக் கடை. இன்னும் பலகைக் கதவுதான், ஒவ்வொரு பலகையிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருக்கிறது. இரண்டு படி ஏற வேண்டும். படி உயரம், கைப்பிடி இல்லை. மூட்டு வலிக்காரர்கள் கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்.

நான் படியேறியதும் கடைக்கார அண்ணாச்சி கேட்ட முதல் வார்த்தை, “யாருக்காக்கும்?”

“அம்மைக்காக்கும்” என்றேன்.

“பல்லு உண்டா?”

“மேல இல்லை.”

“கை நடுங்குமா?”

“கொஞ்சம்.”

“பச்சைப்பாக்கா, கொட்டைப்பாக்கா?”

இவ்வளவும் கேட்ட பிறகுதான் இருக்கையை விட்டு எழுந்தார். நாலு அளவு இருக்கிறது அவரிடம். கை நடுங்குகிறவர்களுக்குச் சின்னதுதானே சரி என்று நான் நினைத்தேன். அவர் எடுத்தது மூன்றாவது அளவு, நீளப் பிடி. நான் 31 வருடம் அறிவியல் எடுத்தவள். நெம்புகோல் பாடத்தில் இரண்டாம் வகைக்குப் பாக்குவெட்டியைத்தான் உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தேன்: ஆணி ஓர் ஓரத்தில், பாக்கு நடுவில், கை மறு ஓரத்தில். பிடி நீண்டால் விசை குறையும். அந்தக் கணக்கை அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையில் வைத்தார்.

சோதித்துக் காட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு வெற்றிலையை இரண்டு அலகுக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக மூடினார். ஆணிப் பக்கத்திலிருந்து நுனி வரைக்கும் இலை ஒரே கோடாக அறுந்து விழுந்தது. நடுவில் எங்காவது இலை மடங்கிக்கொண்டால் அலகு நேராக உட்காரவில்லை என்று அர்த்தமாம். அடுத்து ஒரு கொட்டைப்பாக்கு. “சத்தத்தைக் கேளுங்க டீச்சர்.” ‘டக்’ என்று ஒரே சத்தம். பாதியை மறுபடி சீவி, ஒரு சீவலை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ஓடுகிற கோடுகள் அத்தனையும் தெரிந்தன, காகிதம் மாதிரி. அப்புறம் ஆணி. திருகாணி இல்லை, இரண்டு பக்கமும் அடித்துப் பரப்பிய இரும்பு ஆணி. திருகாணி என்றால் ஆறு மாதத்தில் இளகிவிடும். அலகு, லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்தது.

விலை 850. பேரம் பேசினேன், 10 ரூபாய்கூடக் குறைக்கவில்லை. சரியான விலை என்றே இப்போது நினைக்கிறேன்.

மற்றச் சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு உரல், உலக்கையோடு 1,100. நல்ல கனம், வாங்கலாம். சுண்ணாம்பு வைக்கிற கரண்டகம் (அம்மை ‘நூறு டப்பி’ என்பாள்) பித்தளையில் அருமையாக இருக்கிறது, மூடி திருகாமல் அழுத்தி மூடுவது, சுண்ணாம்பு காயாது. வெற்றிலைச் செல்லம் வாங்க வேண்டாம். கீல் பற்றவைத்தது மோசம். நான் கேட்பதற்கு முன்னால் அவரே, “அது இப்ப வாற சரக்கு, கொண்டு போகாதீங்க” என்று சொல்லிவிட்டார். எச்சில் துப்புகிற படிக்கம் தகடு மெலிசு, விலையோ அதிகம். பில் தர மாட்டார். மகன் வந்து ஒட்டிவிட்டுப் போன கியூஆர் அட்டை சுவரில் இருக்கிறது, ஆனால் அண்ணாச்சிக்கு ரொக்கம்தான் பிடிக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இந்தக் கடையில் வெற்றிலை கிடைக்காது. பாக்கு, புகையிலை, பொடி எதுவும் கிடையாது. சோதிக்க வைத்திருக்கிற பாக்கைக்கூட விலைக்குக் கேட்டால் தர மாட்டார். வெற்றிலை வேண்டுமா, வடசேரிச் சந்தைக்குப் போ; ஒரு வாய் போட வேண்டுமா, தெருமுனை முறுக்கான் கடைக்குப் போ. இங்கே கருவி மட்டும். மூன்று தலைமுறையாக இதுதான் வழக்கம். இப்படி ஒரு கடையை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது டொரண்டோவில்.

2019 ஜூனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் குடியிருப்புக்கு எதிர்ச்சாரியில் கண்ணாடி அலமாரி வைத்த கடை ஒன்று. பாத்திரக் கடை என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். உள்ளே பல் வைத்த அலுமினிய டப்பாக்கள், இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் நடுவில் இருப்பது பொடியாகும். ஓரம் மடித்த சின்னத் தாம்பாளங்கள். காற்றுப் புகாத கண்ணாடிச் சிமிழ்கள். சுருட்டுகிற தாள் பத்து இருபது வகை. தண்ணீர் ஊற்றிப் புகை இழுக்கிற கண்ணாடிக் குடுவைகள், நம் ஊர் கண்ணாடி வளையல் மாதிரி நீலமும் பச்சையும் ஓடிக்கொண்டு. “அம்மா, இது ஹெட் ஷாப். கஞ்சாப் புகைக்கிறவங்களுக்கான சாமான் கடை” என்றாள் மகள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி செல்லும். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடையில் கஞ்சா இல்லை. அதற்கு உரிமம் பெற்ற கடை வேறே, அவை அந்த ஏப்ரலில்தான் திறந்திருந்தன. இங்கே கருவி மட்டும்.

எனக்கு அந்தப் பல் வைத்த டப்பாவைப் பார்த்ததும் அம்மையின் உரல்தான் ஞாபகம் வந்தது. தாம்பாளம், சிமிழ், இடிக்கிற சாமான், மடிக்கிற இலை. செல்லத்துக்குள் இருப்பது அத்தனையும் அங்கே வேறு வடிவத்தில் இருந்தது.

கடைக்காரர் என் வயதுக்காரர், நிதானமாகப் பேசினார், மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். 1988-ல் கனடாவில் இந்தச் சாமான்களை விற்பதே குற்றம் என்று சட்டம் வந்ததாம். கருவி மட்டும் இல்லை, அதைப் பற்றிய புத்தகமும் சேர்த்து. 1994-ல் ஒன்டாரியோ நீதிமன்றம் ஒன்று புத்தகத்துக்கான தடை செல்லாது என்றது. கருவிக்கான தடை தாளில் அப்படியே கிடக்க, கடைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப முளைத்தன. அந்தக் காலத்தில் ‘புகையிலைக்கு மட்டும்’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். கடையில் நின்று கஞ்சா என்று வாய் தவறிச் சொன்னால், வாங்க வந்தவரையே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்ற பொடி எழுத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பலகைதான் கண்ணில் வந்தது.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்த வகைக் கடைகளுக்குப் பேர் வாங்கித் தந்தது சான் பிரான்சிஸ்கோவின் ஹெயிட் தெருவில் ரான் தெலின், ஜே தெலின் என்று இரண்டு சகோதரர்கள் 1966 ஜனவரியில் திறந்த கடை. புத்தகம், ஊதுபத்தி, மணிமாலை, சுருட்டுத் தாள். அடுத்த வருடம் அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். ஆனால் அதே மாதிரிக் கடை அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. பொருளை விற்பவனைப் பிடிக்கச் சட்டம் இருந்தது. கருவியை விற்பவனை எப்படிப் பிடிப்பது? ஒரு குழாய் வெறும் குழாய்தானே? 1979-ல் அமெரிக்க அரசு மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுத்தது. சாமானை மட்டும் பார்க்காதே, விற்கிறவன் என்ன சொல்லி விற்றான், எப்படி அடுக்கி வைத்தான், எப்படி விளம்பரம் செய்தான் என்று பார் என்றது அது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிற்றூர் போட்ட இதே மாதிரிக் கட்டுப்பாடு செல்லும் என்றது. 2003-ல் நாடு முழுக்கச் சோதனை போட்டு, டாமி சோங் என்ற நகைச்சுவை நடிகரைக் கண்ணாடிக் குடுவை விற்றதற்காக 9 மாதம் சிறைக்கு அனுப்பினார்கள். இன்று அங்கேயே பல மாநிலங்களில் அந்தக் குடுவை சாதாரணக் கடைச் சரக்கு.

இவ்வளவு கேள்வியையும் அந்தச் சட்டங்கள் சாமான் விற்றுப் போன பிறகு கேட்டன. எங்கள் அண்ணாச்சி விற்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்.

அவர் கடையிலும் இந்த மாற்றம் எல்லாம் வந்து போயிருக்கிறது. தாத்தா காலம் திருவிதாங்கூர் காலம். அப்போது பாக்குவெட்டி, செல்லம், படிக்கம், அவ்வளவுதான். அப்பா காலத்தில் பொடி டப்பா, பீடி வைக்கிற தகரப் பெட்டி, சிகரெட் பெட்டி, பெட்ரோல் லைட்டர். 1956-ல் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் சரக்கு மாறவில்லை, வாங்குகிறவர்கள்தான் மெல்ல மாறினார்கள். 1970-களில் கோவளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வந்த வெள்ளைக்காரப் பையன்கள் சிலர் கோட்டாறு வரைக்கும் தேடி வந்தார்களாம், கஞ்சாப் புகைக்கிற மண்குழாயான சிலும்பிக்கு. அதற்கு முன்னால் அதை வாங்கியவர்கள் குமரிக்கு நடந்து வந்த சாமியார்கள்தான். மார்கழியில் சுசீந்திரம் திருவிழாச் சமயத்தில் ஒரு கூடை விற்கும். 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தது. குற்றத்துக்குப் பயன்பட்ட கருவியையும் பறிமுதல் செய்ய அதில் இடம் உண்டு. அப்பா அன்றோடு நிறுத்திவிட்டார். மிச்சக் கூடையைக் குயவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் கேட்காமலே எடுத்துக் காட்டினார். ஒரு சாண்கூட இல்லை. சுட்ட மண், ஊமத்தம்பூ மாதிரி மேலே விரிந்து கீழே குறுகுகிறது. உள்ளே, தணல் கீழே இறங்காமல் தடுக்க மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கல். வெளிப்பக்கத்தில் செய்தவரின் கட்டைவிரல் ரேகை அப்படியே வெந்து பதிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். “இது விக்கதுக்கு இல்லை” என்று துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

அவர் காலத்தில் வந்தது சுருட்டுத் தாள். ஊர் ஊராக வருகிற சரக்குக்காரர் ஒருவர் கொண்டு வந்து அடுக்கியிருக்கிறார். ஒரு கட்டுக்கு நல்ல லாபம், இடமும் பிடிக்காது. இரண்டு வருடம் விற்றார். ஒரு நாள் சாயங்காலம் சீருடையோடு நாலு பையன்கள். வழக்கம்போலக் கேட்டிருக்கிறார், “யாருக்காக்கும்?” ஒருத்தன் அப்பாவுக்கு என்றான், ஒருத்தன் மாமாவுக்கு என்றான். நாலாவது பையன் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தான். அடுத்த வாரம் அதே பையன்கள் வந்து கிரைண்டர் இருக்கா என்று கேட்டார்கள், நான் டொரண்டோவில் பார்த்த அந்தப் பல் வைத்த டப்பாதான். அன்றைக்கு ராத்திரி மிச்சமிருந்த தாளை எல்லாம் சாக்கில் கட்டிச் சரக்குக்காரருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். “அவனுவளுக்கு வேற எடத்துல கெடைக்கும் டீச்சர், எனக்குத் தெரியும். போன்ல தட்டினா வீட்டுக்கு வருது. ஆனா என் கையால வேண்டாம், கேட்டியளா.”

பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கிற பையனை எனக்குத் தெரியும். 31 வருடத்தில் எத்தனையோ முறை அந்த முகத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். அந்தத் தாளில் அவர் விட்ட லாபம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கடையில் இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் ஏறுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், என் அண்ணன். லாரி ஓட்டினார். அவருக்குச் செல்லம் கிடையாது, பாக்குவெட்டி கிடையாது. குட்கா பாக்கெட்தான். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையால் பாக்கெட்டைப் பல்லில் கிழித்து வாயில் கொட்டிக்கொள்வார். நாகர்கோவிலில் இருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் எத்தனை என்று அவருக்கே கணக்கு இருக்காது. தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை வந்தது. அதற்கு முன்னாலேயே அவருக்கு வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் போயிருந்தது. இட்லியைப் பிட்டு நுழைத்துத்தான் ஊட்டினோம். 2016-ல் போய்விட்டார்.

அம்மை ஒரு வாய்க்கு எடுக்கிற நேரம் பத்து நிமிடம். காம்பு கிள்ளி, இலையைப் புடவையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வெட்டி, இடித்து. இவ்வளவு வேலை இருப்பதால்தான் அவளுடைய கணக்கு ஒரு நாளைக்கு நாலைத் தாண்டியதே இல்லை. பாக்கெட்டுக்குக் கருவி வேண்டாம், அதனால் நிறுத்துகிற இடமும் இல்லை. டொரண்டோக் கடைக்காரரும் இதைத்தான் சொன்னார்: இப்போது எல்லாரும் சுருட்டி வைத்த ரெடிமேட்தான் வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் புகை மாதிரி இழுக்கிற, பேட்டரி போட்ட பேனா. அரைக்கிற டப்பாவும் தாளும் தாம்பாளமும் அவர் அலமாரியில் தேங்குகின்றன. நிதானமாக உட்கார்ந்து செய்கிறவர் குறைந்துவிட்டார் என்றபோது அவர் குரல் தணிந்தது.

செல்லத்தில் இருந்தால் கெடுதல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணனைப் பார்த்த டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் கொண்டுவரும் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் பாக்கை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. டாக்டர் சொன்ன அன்றைக்கே அம்மை போயிலையை விட்டாள். நாலு இரண்டானது. மாதம் ஒரு தடவை டார்ச் அடித்து அவள் வாயைப் பார்க்கிறேன், வெள்ளைத் திட்டு ஏதாவது தெரிகிறதா என்று. இரண்டையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் கிழவி வந்து படியில் உட்காருவாள், இரண்டு பேரும் பேசுவார்கள். ஆனால் இதைப் படிக்கிற இளம் ஆள் யாராவது பழக்கத்துக்காகப் பாக்குவெட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். வீட்டில் வயதானவர் இருந்து, ஆடுகிற பாக்குவெட்டியால் விரலை அறுத்துக்கொண்டிருந்தால் மட்டும் போங்கள். பாக்கு வெட்டாமல் பாட்டி நினைவாக வைக்கப் போகிறீர்கள் என்றாலும் போகலாம். அதையும் அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற பழைய உருப்படி எடுத்துத் தருவார்.

வாங்கி வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் ஆணி இறுக்கமாக இருக்கிறது என்று அம்மை முகம் சுளித்தாள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ராத்திரி வைத்ததும் இளகிவிட்டது. அதற்குப் பிறகு பாக்கு ஓடவில்லை, விரலில் கீறல் இல்லை. வெட்டும்போது அந்த ‘டக்’ சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கிறது.

பாட்டியின் கிளிமூக்குப் பாக்குவெட்டியை அவரிடமே விட்டு வந்திருக்கிறேன். அலகு தேய்ந்துவிட்டது, தினசரிக்கு ஆகாது, ஆணி மாற்றினால் பச்சைப்பாக்குக்கு ஆகும் என்றார். கூலி 60 ரூபாய். கொல்லர் வீட்டில் கல்யாணம் என்று ஒரு தடவை தள்ளிப்போனது, இப்போது வருகிற வியாழன் என்று சொல்லியிருக்கிறார். “மக்களே, வியாழன் என்னைக்கு?” என்று அம்மை இன்று காலையும் கேட்டாள்.